இரண்டு சம்பியன்கள்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன் எத்தனை ஆயிரம் தலைப்புகளை எழுதியிருப்பான் என்று கணக்கிட முடியாது. அவற்றுள் பெரும்பாலானவை எழுதியவனுக்கே நினைவிருப்பதில்லை. மறுநாள் கடலை சுற்றிய காகிதத்தோடு அவையும் போய்விடும். ஆயினும் 2001ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று நாள் இடைவெளியில், நான் எழுதிய இரண்டு தலைப்புகள் மட்டும் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

முதலாவது சனிக்கிழமை இதழில் வந்தது: "ஐரோப்பிய கூடைப்பந்தாட்டம்: பொலோனியா சம்பியன்". இரண்டாவது செவ்வாய்க்கிழமை இதழில் வந்தது: "ஐரோப்பிய கூடைப்பந்தாட்டம்: டெல் அவிவ் சம்பியன்". இரண்டும் கிரிக்கெட் செய்திகளுக்குக் கீழே, பக்கத்தின் அடிப்பகுதியில், எஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக வைக்கப்பட்டவை. ஒன்றை எழுதியபோது மற்றதை நான் நினைக்கவில்லை. ஆசிரியபீடத்திலும் எவரும் கவனிக்கவில்லை. போர்ச் செய்திகளால் நிறைந்திருந்த அக்காலப் பத்திரிகையில் ஐரோப்பியக் கூடைப்பந்தாட்டத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஒருவர் கவனித்தார். அந்த வார இறுதியில் வட்டகொடைத் தபால் முத்திரையுடன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலிருந்து, ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். கடிதத்தில் நலம் விசாரித்த பின் நான்கே வரிகள்தாம் இருந்தன.

"தம்பி, சனிக்கிழமை ஒரு சம்பியன் போட்டிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை இன்னொரு சம்பியன் போட்டிருக்கிறாய். இந்த இரண்டு பேரும் ஒருநாளாவது நேருக்கு நேர் ஆடினார்களா? இல்லை, நம்ம தோட்டம் மாதிரித்தானா அங்கேயும்?"

அந்தக் கடைசிக் கேள்வியில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ஆயினும் அதைப் படித்த மாத்திரத்தில் என் காது மடல்கள் சூடேறின. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில், அவர் கேட்டதற்கு விடை தேடிப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

கூடைப்பந்தாட்டம் எங்கள் மலைகளில் ஆடப்பட்ட ஆட்டமன்று. கூடை என்றால் எங்களுக்குக் கொழுந்துக் கூடைதான். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் கட்டி இந்த ஆட்டத்தைத் தொடக்கிவைத்தார் என்றும், பந்து விழுந்ததும் அதை வெளியே எடுத்துத்தான் மீண்டும் ஆட வேண்டியிருந்தது என்றும் ஒருமுறை என் தாயாருக்கு விளக்கினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். "கூடையில் போட்டதை நிறுக்காமல் ஏன் எடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

எங்கள் தமிழ்ப் பகுதிகளில் கூடைப்பந்தாட்டம் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் மட்டக்களப்பு. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் அதை வேரூன்றச் செய்தார்கள். அங்கு மாணவர்களைப் பயிற்றுவித்த அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்பு நோக்கி வந்த வழியில் காணாமற் போனார். எண்பதுகளில் செய்தி சேகரிக்க அவ்வூருக்குச் சென்றிருந்தபோதுதான் ஓர் ஒழுங்கான கூடைப்பந்தாட்டத் திடலை முதன்முதலாகப் பார்த்தேன். ஓரத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் விதிகளைச் சொல்லித் தந்தார். இரண்டு கூடைகள், ஆனால் ஒரே திடல் என்பதே என் மனத்தில் பதிந்த முதற் பாடம்.

2000-2001 பருவகாலத்தில் ஐரோப்பா அந்த முதற் பாடத்தைத்தான் மறந்திருந்தது.

ஐரோப்பாவின் கழகங்களுக்கு இடையிலான சம்பியன் கிண்ணம் 1958இல் தொடங்கியது. முதல் மூன்று கிண்ணங்களையும் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ரீகா நகர இராணுவக் கழகம் வென்றது. சுற்றுப்போட்டியை நடத்தி வந்தது சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம். அதன் சுருக்கப் பெயர் பிபா. உதைபந்தாட்டத்தின் பீபா வேறு, இது வேறு. ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாடு. எங்கள் ஒப்புநோக்குநர் இரண்டையும் ஒன்றாக்கி விடுவார் என்பதால் நான் எப்பொழுதும் பெயரை விரித்தே எழுதுவேன்.

தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பணம் பெருகியது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நாங்கள், அரங்கை நிரப்புவது நாங்கள், ஆனால் வருமானத்தைப் பற்றி முடிவெடுப்பது சம்மேளனமா என்று பெரிய கழகங்கள் கேட்டன. ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் லீக் அமைப்புகள் 1991இல் சேர்ந்து உருவாக்கிய யுலெப் என்னும் ஒன்றியம் அவர்களுக்குக் குடையாக அமைந்தது. 2000ஆம் ஆண்டில் அவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். போகும்போது வீட்டுப் பெயர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போனதுதான் வேடிக்கை. 'யூரோலீக்' என்ற பெயரைச் சம்மேளனம் 1996 முதல் பயன்படுத்தி வந்தபோதிலும் அதைச் சட்டப்படி பதிவு செய்திருக்கவில்லை. பிரிந்து சென்றவர்கள் அதையே தங்கள் போட்டிக்குச் சூட்டினார்கள். சம்மேளனம் தன் போட்டிக்கு 'சுப்ரோலீக்' என்று புதுப் பெயர் தேட வேண்டியதாயிற்று.

யூரோலீக்கில் 24 கழகங்கள், சுப்ரோலீக்கில் 20 கழகங்கள். ரியல் மட்றிட், பார்சிலோனா, பொலோனியா நகரின் இரு கழகங்கள், கிரேக்கத்தின் ஒலிம்பியாக்கோஸ் முதலியவை ஒருபுறம். முந்திய ஆண்டின் சம்பியனான ஏதென்ஸ் நகரின் பனாதினைக்கோஸ், இஸ்ரேலின் மக்கபி டெல் அவிவ், சி.எஸ்.கே.ஏ. மொஸ்கோ, இஸ்தான்புல்லின் எபெஸ் பில்சன் முதலியவை மறுபுறம். ஒலிம்பியாக்கோஸும் பனாதினைக்கோஸும் உள்நாட்டு லீக்கில் மோதிக்கொள்வார்கள். ஐரோப்பிய அரங்கில் மட்டும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள்.

ஆட்டத்தில் குறை எதுவும் இல்லை. யூரோலீக் இறுதியில் இத்தாலியின் கிண்டர் பொலோனியாவும் ஸ்பெயினின் டௌ செராமிக்காவும் ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடரில் மோதின. முதல் ஆட்டத்தில் பொலோனியா சொந்த ஊரிலேயே 65-78 எனத் தோற்றது. அடுத்த இரண்டை வென்றது. நான்காவதில் 79-96 எனத் தோற்றது. மே 10ஆம் திகதி ஐந்தாவது ஆட்டத்தில் 82-74 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது. பயிற்றுநர் எட்டோரே மெசினா. இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானவர் மனு ஜினோபிலி என்ற ஆர்ஜென்டீன இளைஞர். பின்னாளில் அமெரிக்காவின் சான் அந்தோனியோவில் அவர் பெற்ற புகழ் கூடைப்பந்தாட்டம் அறியாதவர்களையும் எட்டியது.

மூன்று நாள் கழித்து, மே 13ஆம் திகதி பாரிஸ் நகரில் சுப்ரோலீக் இறுதி ஆட்டம். அந்தனி பார்க்கர் போன்றோர் ஆடிய மக்கபி, டெயான் போடிரோகா ஆடிய பனாதினைக்கோஸை 81-67 என வென்றது. முந்திய ஆண்டின் இறுதியாட்டத்தில் இதே பனாதினைக்கோஸிடம் தோற்றவர்கள் அவர்கள். பழைய கணக்குத் தீர்ந்தது.

வியாழக்கிழமை ஒருவர் ஐரோப்பாவின் முதல்வர். ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் ஐரோப்பாவின் முதல்வர். ஜினோபிலியைப் பார்க்கரால் தடுத்திருக்க முடியுமா என்று ரசிகர்கள் தேநீர்க் கடைகளில் வாதாடலாம். விடை கிடையாது. ஏனெனில் அவர்களை ஒரே திடலில் நிறுத்துவதில்லை என்று கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

இனி எங்கள் தோட்டத்துக்கு வருகிறேன்.

கோச்சியில் நானுஓயாவுக்குப் போகிறவர்கள் தலவாக்கலையைத் தாண்டியதும் வட்டகொடை நிலையத்தைப் பார்க்கலாம். அடுத்தது கிரேட் வெஸ்டர்ன். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு பிரிவுகள். இரண்டிலும் கரப்பந்தாட்டக் குழுக்கள் இருந்தன. ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சமதரை, இரண்டு கம்பங்கள், கயிற்றில் பின்னிய வலை, பொங்கலுக்கு ஒரு கிண்ணம். மேற்பிரிவில் நான் குறிப்பிட்ட அண்ணன். வலைக்கு மேலே எழும்பி அவர் பந்தை அறைந்தால் அது தரையில் பட்டு மூங்கில் புதருக்குள் போய் விழும். கீழ்ப்பிரிவில் அவர் வயதை ஒத்த இன்னொருவர். எவ்வளவு வேகமாக அறைந்தாலும் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் கையைக் கொடுத்து எடுத்துவிடுவார். அயல் தோட்டங்களுடன் ஆடும்போது இருவரும் ஒரே குழுவில் நின்றவர்கள். எதிரெதிராக நின்றால் என்னவாகும் என்பதே தோட்டத்தின் பேச்சு. 1969 பொங்கல் கிண்ணத்துக்கு அந்த ஆட்டத்தை வைப்பதென்று முடிவாகியிருந்தது.

அதற்கு முன் தொழிற்சங்கம் பிளந்தது. மலையகத்தில் இது புதிய கதையன்று. 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் தொண்டமானும் அஸீஸும் பிரிந்து இரண்டு காங்கிரஸ்கள் தோன்றின. 1965இல் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தை அமைத்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. எங்கள் தோட்டத்தில் நடந்ததும் அப்படித்தான். ஒரு வேலைநிறுத்தத்தின்போது ஒரு பிரிவு மலைக்குப் போனது, மற்றப் பிரிவு போகவில்லை. அதன்பின் கீழ்ப்பிரிவு பெரும்பாலும் வேறொரு சங்கத்துக்குச் சந்தா கட்டத் தொடங்கியது. கல்யாண வீடுகளுக்குப் போக்குவரத்து நின்றது. இழவு வீட்டுக்கு மட்டும் போனார்கள்.

மேற்பிரிவின் தலைவர் என் தந்தை. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், எங்கள் காம்பராவின் இஸ்தோப்பில் கூடிய கமிட்டியில், "அவர்களோடு ஆட்டம் கிடையாது" என்று அவர்தான் சொன்னார். அண்ணன் மூலையில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என் தந்தையைப் பற்றித் தவறாக எண்ணிவிட வேண்டாம். லயங்களுக்குப் பீலித் தண்ணீர் வந்ததும், ஒழுகிய கூரைகளுக்குப் புதுத் தகரம் வந்ததும் அவர் துரையின் அலுவலக வாசலில் நின்ற நாட்களால்தான். சங்கம் இல்லாவிட்டால் எங்களைக் கேட்க நாதியில்லை. 1948இல் குடியுரிமையை இழந்த சனத்துக்குச் சங்கத்து அட்டைதான் கையிலிருந்த ஒரே அடையாளம். அதைக் காப்பாற்ற வேண்டுமென்று அவர் எண்ணியதில் பிழையில்லை. ஆனால் பந்தையும் அதற்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

அந்தப் பொங்கலன்று இரண்டு சுற்றுப்போட்டிகள் நடந்தன. காலையில் நாங்கள், பிற்பகலில் அவர்கள். இரு தரப்பும் அயல் தோட்டத்துக் குழுக்களை அழைத்து ஆடி, இரு தரப்பும் வென்றன. இரண்டு கிண்ணங்கள். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால், அட்டையொன்றில் "தோட்டச் சம்பியன் - மேற்பிரிவு" என்று எழுதும்படி தந்தை பணித்தார். பதின்மூன்று வயதில் நான் எழுதிய முதல் தலைப்பு அது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டபோது, பக்கத்துக் கம்பத்தில் ஏற்கெனவே ஓர் அட்டை தொங்கியது: "தோட்டச் சம்பியன் - கீழ்ப்பிரிவு". கணக்கப்பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். பேர் போட வந்து நின்றவர்கள் எவரும் சிரிக்கவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, கொழும்பில், குளிரூட்டிய அறையில், கணினியின் முன் அமர்ந்து நான் செய்ததும் அதே காரியம்தான். அதனால்தான் கடிதம் கண்டு என் காது மடல்கள் சூடேறின.

கடிதத்துக்கு அப்போது பதில் எழுதவில்லை. எழுத எதுவும் இருக்கவில்லை. ஐரோப்பியர் அடுத்த ஆண்டே எனக்கு விடையைத் தந்தார்கள். பிளவினால் இரு தரப்புக்கும் நட்டம் என்பதை உணர்ந்து, 2001-2002 பருவகாலத்தில் 32 கழகங்களுடன் ஒரே யூரோலீக்கை நடத்தினார்கள். 2002 மே மாதத் தொடக்கத்தில், இறுதி நால்வருக்கான ஆட்டங்கள் பொலோனியாவில் நடந்தன. அரையிறுதியில் பனாதினைக்கோஸ் 83-75 என மக்கபியை வென்றது. இறுதியில் 89-83 எனக் கிண்டர் பொலோனியாவை, அதன் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையில் வென்றது. முந்திய ஆண்டில் கிண்ணமே இல்லாமல் வீடு திரும்பிய கழகம், கிண்ணம் வைத்திருந்த இருவரையும் மூன்று நாட்களுக்குள் வீழ்த்தியிருந்தது. ஓர் ஆண்டில் ஆட்களும் மாறுவார்கள், உடல்நிலையும் மாறும். ஆகவே 2001க்கான தீர்ப்பு இதுவென்று சொல்ல முடியாது. ஆனால் மூவரும் ஒரே திடலுக்கு வந்தார்கள்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நேரே அண்ணனிடம் சென்றேன். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி, எழும்ப முடியவில்லை. கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "தோற்றவர்கள் வந்து கை கொடுத்தார்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த செய்தியில் அது இல்லை என்றேன். "அதைத்தானே முதலில் எழுத வேண்டும்," என்றார்.

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். கீழ்ப்பிரிவு நண்பரின் குடும்பத்துக்கு 1972இல் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட 5,25,000 பேருள் அவர்களும் அடக்கம். தலைமன்னார் போவதற்காக வட்டகொடை நிலையத்துக்கு வந்தபோது, அவர்களின் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தவர் அண்ணன். சங்கத்துக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று வந்தாராம்.

"கோச்சி அரை மணி நேரம் பிந்தி வந்துச்சு, தம்பி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில எடமும் இருந்துச்சு. ஒனக்கு எத்தனை எடுக்க முடியும்னு பாப்போமான்னு அவன் கேட்டான். எங்கிட்ட பந்து இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் அந்த நண்பரைப் பற்றி அவருக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. இரண்டு கடிதங்கள் எழுதினாராம். இரண்டும் திரும்பி வந்தனவாம்.

என் தந்தை அப்போது உயிருடன் இல்லை. இருந்திருந்தால் அன்றிரவு அவரிடம் கேட்டிருப்பேனா என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கேட்டிருக்க மாட்டேன். அட்டையை எழுதிய கை என்னுடையதல்லவா?

ஐரோப்பாவின் ஒற்றுமையும் நிலைக்கவில்லை. 2016இல் சம்மேளனம் தனது சம்பியன்ஸ் லீக்கைத் தொடங்கியது. யூரோலீக் தன் வழியே சென்று 2025-2026 பருவகாலத்தில் 20 கழகங்களாக விரிந்தது. சங்கங்கள் உள்ள இடமெங்கும் பிளவும் இருக்கும் போலும். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிளக்கிறவர்களுக்கு எப்போதும் அடுத்த ஆண்டு ஒன்று இருக்கிறது. ஆடுகிறவனின் முழங்கால் அதுவரை காத்திருப்பதில்லை. சில ஊர்களில் ஆடுகிறவனே காத்திருக்க முடிவதில்லை, கோச்சி வந்துவிடுகிறது.

2001ஆம் ஆண்டுக்கு நேரே, ஐரோப்பிய சம்பியன்களின் பட்டியலில் இன்று இரண்டு பெயர்கள் இடம்பெற்றிருக்கின்றன: மக்கபி, கிண்டர் பொலோனியா. இரண்டுமே சம்பியன்கள் என்று பின்னர் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எங்கள் தோட்டத்துக்கு அப்படியொரு பட்டியல் கிடையாது. அண்ணனும் மறைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய கடிதத்துக்கு நான் எழுத்தில் பதில் அனுப்பவேயில்லை. ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன்: 1969 பொங்கல் கிண்ணம், கரப்பந்தாட்டம். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு. ஆட்டம் நடைபெறவில்லை.